பத்தில் ஒருவர்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவை ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள், தோழர்களே. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாநில ஆலோசனை வாரியம் அமைக்க வேண்டும் என்கிறது அது. துறை அமைச்சர் தலைவர். நிதி, கல்வி, சுகாதாரம், தொழிலாளர் நலன், ஊரக வளர்ச்சி, போக்குவரத்து என்று வரிசையாகத் துறைச் செயலாளர்கள். சட்டமன்றத்திலிருந்து 3 பேர். அதற்குப் பிறகு அரசு நியமிக்கிறவர்கள்: வல்லுநர்கள் 5, மாவட்டங்களின் சார்பில் சுழற்சி முறையில் 5, வணிக, தொழில் சபையிலிருந்து 3 பேருக்கு மிகாமல், கடைசியாக மாற்றுத்திறனாளிகள் 10 பேர். அந்தப் பத்துப் பேரில் குறைந்தது 5 பேர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியிலிருந்து குறைந்தது ஒருவர், பழங்குடியிலிருந்து குறைந்தது ஒருவர்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு குழு இருந்தது. ஒருங்கிணைப்புக் குழு என்று பெயர். அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 இடம். அந்த ஐந்தில் குறைந்தது ஒரு பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவர். இருபது ஆண்டு கழித்துச் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். ஐந்து பத்தானது. பெண்கள் ஒன்றிலிருந்து ஐந்துக்கு வந்தார்கள், பாதிக்குப் பாதி. மாற்றுத்திறனாளிப் பெண்கள் விடாமல் கேட்டதற்குக் கிடைத்தது அது, நமக்கு மகிழ்ச்சிதான். நம் கணக்கு என்ன ஆனது? "அல்லது" என்று இருந்த இடத்தில் "மற்றும்" வந்தது. தலித் ஒருவர், பழங்குடி ஒருவர். அன்றைக்கு ஐந்தில் ஒன்று, இன்றைக்குப் பத்தில் இரண்டு. விகிதம் ஓர் அங்குலம் நகரவில்லை. "குறைந்தது" என்றுதானே எழுதியிருக்கிறது, கூடுதலாகவும் போடலாமே என்று வக்கீல்கள் சொல்வார்கள். அரசு அலுவலகத்தில் "குறைந்தது" என்ற சொல் "இவ்வளவு போதும்" என்றுதான் வாசிக்கப்படும் என்பதை இட ஒதுக்கீட்டு ரோஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒன்று, இரண்டு என்ற பேரத்தை 1919இலேயே அம்பேத்கர் எதிர்கொண்டார். சவுத்பரோ குழு முன் சாட்சியம் சொன்னபோது அவருக்கு 27 வயது. தீண்டப்படாதோரின் பிரதிநிதிகளை மற்ற உறுப்பினர்களே பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு யோசனை உலவியது, அதுவும் நம் மேல் இரக்கப்பட்டவர்களிடமிருந்தே வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. பம்பாய் சட்டசபையில் எங்களுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

நாமும் எண்களைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் மட்டும் பார்த்தால் 2.45 சதவீதம். பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதவர்களில் 2.18. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் இது கோடிக்கணக்கான மனிதர்களில் எடுத்த சதவீதம். நம் தெருவில் ஊனம் கூடுதலாக இருப்பதற்கு முன்ஜென்ம வினை காரணமில்லை. கல்குவாரி, செங்கல் சூளை, அரிசி ஆலை, சாக்கடைக் குழி, கரும்பு வெட்டு. எந்த வேலையில் கை போகுமோ, கண் போகுமோ, முதுகு ஒடியுமோ, அந்த வேலை யாருக்கு என்பதைச் சாதி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. பிறகு, உடைந்த உடம்போடு வேறு வேலை கேட்டுப் போனால், உன் உடம்புக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்க்க ஒரு குழு உட்காருகிறது.

அந்தக் குழுவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வாரியத்தைவிட அதுதான் நம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசு வேலையில் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. பார்வையற்றோர், குறைந்த பார்வையுள்ளோருக்கு 1, காது கேளாதோருக்கு 1, கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்த்து 1. ஆனால் அதற்கு முந்தைய 33ஆவது பிரிவில்தான் கதவு இருக்கிறது. எந்தெந்தப் பணியிடங்களை எந்தெந்தக் குறைபாடு உள்ளவர் செய்ய முடியும் என்று அரசு "அடையாளம் காண" வேண்டும், அதற்கு ஒரு வல்லுநர் குழு அமைக்க வேண்டும், 3 ஆண்டுக்கு மிகாமல் பட்டியலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குழுவில் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது சட்டம். தலித் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. மாவட்ட அளவிலான குழு பற்றிப் பேசும் 72ஆவது பிரிவிலும் கிடையாது.

மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 3,566 பணியிட வகைகள் இருக்கின்றன. ஏ பிரிவில் 1,046, பி பிரிவில் 515, சி பிரிவில் 1,724, டி பிரிவில் 281. ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத்துக் குறியீடுகள்: உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், விரலால் கையாளுதல், பார்த்தல், கேட்டல். அடுத்த கட்டத்தில் யாருக்குப் பொருந்தும் என்று இன்னொரு வரிசை: ஒரு கை, ஒரு கால், இரு கால், குறைந்த பார்வை. ஒரு மனிதரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒரு வேலையை அசைவு அசைவாகப் பிரித்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கிற அட்டவணை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான் என்று ஒப்புக்கொள்கிறோம். பட்டியலில் இருப்பதை ஓர் அலுவலகம் மறுக்க முடியாது என்பது அதன் பலன். ஆனாலும் அதைப் படிக்கும்போது எங்களுக்கு ஒரு பழைய ஞாபகம் வருகிறது. இன்னார் இன்ன வேலைக்கென்றே படைக்கப்பட்டவர் என்று யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதி வைத்த அட்டவணையை இந்த நாடு ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னது இங்கேயும் பொருந்தும். இது பிறப்பைக் கேட்கவில்லை, உடம்பைக் கேட்கிறது. யார் கேட்கிறார்கள், யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

அடையாளம் காணுதல் என்ற இந்த ஒரு சொல்லை வைத்து அரசு எவ்வளவு காலம் ஓட்டியது தெரியுமா? 1995 சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அப்போது 3 சதவீதம். பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு உச்சநீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2013 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது: சதவீதத்தை அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில் மட்டும் கணக்கிடக் கூடாது, மொத்தக் காலியிடத்தில் கணக்கிட வேண்டும். அதாவது 1,000 காலியிடத்தில் 100 மட்டுமே "பொருத்தமானது" என்று குழு சொன்னால், 3 பேரை எடுத்துவிட்டு 3 சதவீதம் கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிக்க முடிந்தது; கொடுக்க வேண்டியதோ 30 பேருக்கு. பதினேழு ஆண்டு. அந்தப் பதினேழு ஆண்டில் வயது வரம்பைத் தாண்டிப் போனவர்களுக்கு எந்தக் குழு ஆலோசனை சொல்லும்?

பட்டியலில் கிடைக்காததை விதிவிலக்கில் எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஐ.பி.எஸ்., ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப் பணியிடங்கள் எல்லாவற்றையும் இந்த 4 சதவீதத்திலிருந்து விலக்கி மத்திய அரசு அறிவிக்கை போட்டது. ஆணையரைக் கலந்தாலோசித்து விலக்கு அளிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கலந்தாலோசனை என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் எவ்வளவு கனம் என்று இதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சென்னையிலும் டெல்லியிலும் நடக்கிற கூட்டங்களைப் பற்றிப் பெரணமல்லூரில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். எங்கள் பக்கம் ஆரணிப் பட்டு நெய்கிற ஊர்கள். பெரணமல்லூரை ஒட்டிய ஒரு காலனியில் எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இருக்கிறார். முப்பதை நெருங்குகிறார். இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போனவர். பி.காம். முடித்துவிட்டு, ஊரில் ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேலை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. "ஆரணிப் பக்கம்தானேப்பா நீ? தறிக்கு லோன் எழுதிக் குடு, தொழில் பண்ணு" என்று அனுப்பிவிட்டார்கள்.

பட்டு நெய்வது குழித்தறியில். இரண்டு காலையும் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். இரண்டு காலும் இல்லாதவருக்குத் தறி லோன்! திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "ணா, அவருக்குத் தறின்னா டேபிள் முன்னாடி உக்காந்து பண்ற வேலைன்னு நெனப்புணா." எழுத்தர் வேலையை இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர் செய்யலாம் என்று அந்த 2021 பட்டியலே சொல்கிறது. எழுத்தர் வேலை கேட்டுப் போன பட்டதாரிக்குத் தறியைக் காட்டினார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற தொழிலைச் சொல்கிற பழக்கம் அது. ஆனால் அதைச் சொன்னவருக்குத் தறியும் தெரியவில்லை, எதிரே நின்றவரின் காலும் தெரியவில்லை.

மேலே ஒரு கூட்டத்தில் குழித்தறியின் மிதியைப் பற்றி ஒரே ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் கீழே இந்தப் பேச்சு மாறியிருக்குமா? அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை, காரணத்தைச் சொல்கிறோம்.

நாங்கள் போய் உட்கார்ந்த கூட்டங்கள் எல்லாம் கீழ்மட்டக் கூட்டங்கள். ஆனாலும் நடைமுறை ஒன்றுதான் என்பது மேல்மட்டக் கூட்டங்களுக்குப் போனவர்களோடு பேசினால் தெரியும். பொருள் நிரலைத் துறையே தயாரிக்கும். உறுப்பினர் கையில் அது வந்து சேரும்போது படிக்க நேரமிருக்காது. பார்வையற்ற உறுப்பினருக்கு அவர் படிக்கிற வடிவத்தில் வருமா என்பது அதிர்ஷ்டம். வர வேண்டிய அதிகாரிக்குப் பதில் அவருக்குக் கீழே இருப்பவர் வருவார், எதைக் கேட்டாலும் மேலே சொல்லிவிட்டுச் சொல்வதாகச் சொல்வார். சாதனைகள் வாசிக்கப்படும்: இத்தனை மூன்று சக்கர வண்டி, இத்தனை காது கேட்கும் கருவி, இத்தனை தையல் இயந்திரம். நிரப்பாமல் விட்ட பணியிடம் எத்தனை என்ற எண் மட்டும் அந்த வாசிப்பில் வராது. கடைசியில் "உறுப்பினர்கள் கருத்து" என்று பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நம் ஒருவர் பேசினால் "நல்ல கருத்து, பரிசீலிக்கப்படும்" என்று குறித்துக்கொள்வார்கள். டீ, பிஸ்கட், குரூப் போட்டோ. போட்டோவில் அவரை முன்வரிசையில் நிறுத்துவார்கள்.

அந்த ஒருவரை நாங்கள் குறை சொல்லவில்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே அவர் கையில் ஆயுதம் கிடையாது. 71ஆவது பிரிவு வாரியத்துக்குக் கொடுத்திருக்கிற வேலைகளைப் பாருங்கள்: ஆலோசனை கூறுதல், கொள்கை வகுத்தல், ஆய்வு செய்தல், பரிந்துரைத்தல், கண்காணித்தல். கேட்க நன்றாக இருக்கிறது. அரசு அந்த ஆலோசனைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பதில் சொல்ல வைக்கும் வித்தை சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதே சட்டத்தின் 81ஆவது பிரிவில், மாநில ஆணையர் ஒரு பரிந்துரை அனுப்பினால் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், ஏற்கவில்லையென்றால் காரணத்தையும் பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆணையர் என்ற அதிகாரி கேட்டால் பதில் உண்டு. பத்து மாற்றுத்திறனாளிகள் உட்கார்ந்திருக்கும் வாரியம் கேட்டால் பதில் தேவையில்லை. போதாததற்கு 73ஆவது பிரிவு: வாரியத்தில் இடம் காலியாக இருந்தாலும், அமைப்பில் குறை இருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காக அதன் நடவடிக்கையைக் கேள்வி கேட்க முடியாது. நிர்வாகம் நின்றுவிடக் கூடாது என்று எல்லாச் சட்டத்திலும் போடுகிற வரிதான். ஆனால் நம் கண்ணால் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்தத் தலித் நாற்காலி காலியாகவே கிடந்தாலும் கூட்டம் செல்லும்.

நியமனமே வீண் என்று சொல்லவில்லை. நம் வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டவர்தான், தேர்தலில் நின்று ஜெயித்தவரல்ல. 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது, அடுத்த ஆண்டு அரசிதழில் வந்தது. அவருக்கு இருந்த வசதி என்ன? அவர் பேசியது அச்சில் ஏறும் சபை அது. தீர்மானம் கொண்டுவரலாம், வாக்கெடுப்பு கேட்கலாம், அரசு பதில் சொல்ல வேண்டும். நூறு ஆண்டு கழித்து இன்றைக்கும் அந்தச் சபைக் குறிப்பை எடுத்துப் படிக்கலாம். ஆலோசனை வாரியத்துக்குப் போகிற நம் ஒருவர் என்ன கேட்டார் என்பது அடுத்த வாரமே அவருடைய ஊருக்குத் தெரியாது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. வரவேற்கிறோம். பெரணமல்லூர் போன்ற பேரூராட்சி மன்றங்களிலும் ஒரு நாற்காலி வருகிறது. அந்த நாற்காலிக்கு ஊர்த் தெருவிலிருந்து ஆள் எடுப்பார்களா, காலனியிலிருந்து எடுப்பார்களா என்று இப்போதே கேட்டு வைக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். மாற்றுத்திறனாளிகள் இயக்கத் தோழர்களே சொல்வார்கள்: "ஊனத்துக்குச் சாதி கிடையாது. எங்கள் ஒற்றுமையை உடைக்காதீர்கள்." அவர்களுடைய போராட்டங்களில் நாங்களும் நின்றிருக்கிறோம், போலீஸ் அவர்களை இழுத்து வேனில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த மரியாதையோடு சொல்கிறோம்: ஊனத்துக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம், ஊனமுற்றவருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல் போட்டு, 1976இல் தீர்ப்பு வந்த வழக்கு எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் பாடமாக வரும். கறுப்பினத்தவரை எடுத்திருக்கிறோமே என்றது கம்பெனி. எடுத்தது ஆண்களை, தொழிற்கூடத்துக்கு. பெண்களை எடுத்திருக்கிறோமே என்றது. எடுத்தது வெள்ளையினப் பெண்களை, அலுவலகத்துக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் தள்ளியது. கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை வைத்துத்தான் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற சொல்லை உண்டாக்கினார். காலனியில் அந்தச் சொல் தேவைப்படவில்லை. எஸ்.சி. கோட்டா நிரம்பிவிட்டது, மாற்றுத்திறனாளி கோட்டாவும் நிரம்பிவிட்டது, அப்படியானால் காது கேளாத தலித் பெண் எங்கே? இந்திரா சஹானி தீர்ப்பு 1992இலேயே மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டைச் சாதி ஒதுக்கீட்டுக்குக் குறுக்காக ஓடுகிற கிடைமட்ட ஒதுக்கீடு என்று விளக்கிவிட்டது. அந்தக் குறுக்குக் கோட்டில் எந்தச் சாதிக் கட்டங்கள் நிரம்புகின்றன, எவை காலியாகக் கிடக்கின்றன என்று பார்க்கும் வேலையை வாரியத்துக்குச் சட்டம் கொடுக்கவில்லை.

பெயர் விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசி "திவ்யாங்" என்று ஒரு பெயரைக் கொண்டுவந்தார். தெய்வீக உறுப்புடையவர் என்று பொருள். ஹரிஜன் என்ற பெயரைச் சுமந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பங்கு கேட்கும்போது கடவுளைக் கொடுத்து அனுப்புவார்கள்.

நாங்கள் கேட்பது கடவுளை அல்ல. வாரியத்தின் ஒவ்வொரு ஆலோசனைக்கும் 81ஆவது பிரிவில் உள்ளது போல 3 மாதத்தில் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும், மாநில விதிகளிலேயே அதைச் சேர்க்க வேண்டும். பணியிடங்களை அடையாளம் காணும் வல்லுநர் குழுவிலும் மாவட்டக் குழுவிலும் தலித் மாற்றுத்திறனாளிகள், அதிலும் பெண்கள், நம் மக்கள்தொகைக்கு ஏற்ப இருக்க வேண்டும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. 4 சதவீதத்தில் சேர்ந்தவர்கள் யார் யார் என்ற எண்ணிக்கையைச் சாதிவாரியாகவும் பாலினவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் தருவோம் என்றால், கடைசியைக் கொடுங்கள். மற்ற இரண்டையும் அதை வைத்துக்கொண்டு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

அவர்கள் தரும்வரை கல்லூரியில் படிக்கிற தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)யின் எட்டாவது உட்கூறு: ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தனக்கு ஆலோசனை சொல்ல அமைத்த வாரியங்கள், குழுக்களின் விவரத்தையும், அவற்றின் கூட்டங்களுக்கு மக்கள் வரலாமா, கூட்டக் குறிப்பைப் படிக்கலாமா என்பதையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி மனு எழுதுங்கள். மாநில ஆலோசனை வாரியத்தின் இப்போதைய உறுப்பினர்கள் யார், எந்தப் பிரிவின் கீழ் நியமிக்கப்பட்டார்கள்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்கிறது 70ஆவது பிரிவு. கடைசி நான்கு கூட்டங்கள் எந்தத் தேதியில் நடந்தன? கூட்டக் குறிப்பின் நகல் கொடுங்கள். 33ஆவது பிரிவின் கீழ் பணியிடங்கள் கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்யப்பட்டன, அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார்? நம் மாவட்டத்தில் நிரப்பாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போன பணியிடங்கள் எத்தனை? ஒரே மனுவில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள், தனித்தனியாகப் போடுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பார்வையற்ற, காது கேளாத தோழர்கள் தங்கள் பெயரிலேயே போடுவது நல்லது. அவர்கள் தகவலைப் பெறவும் ஆவணத்தைப் பார்க்கவும் அலுவலர் உதவி செய்தாக வேண்டும் என்று பிரிவு 7(4) சொல்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவை எழுதிவிடுங்கள்.